கேஸ் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

தம்பி, வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து விழுப்புரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்ததாகவும், இப்போது இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) முதியோர் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நேர்காணலில் மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வி, பட்ஜெட்டைப் பற்றி நான்கு கேள்வி வந்ததாம். "இது சமூகப்பணிதானா அக்கா, இல்லை கணக்கு வேலையா? அங்கே எல்லோரும் நவதாராளவாதம் என்று புலம்புகிறார்களே, அது இதுதானா?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஆமாம், இதுதான். அரசு செய்த வேலையைச் சந்தையிடம் விட்டு, எல்லாவற்றையும் செலவுக் கணக்கால் அளப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பாதி நாள் மனிதர்களோடு போகும், மீதி நாள் நிமிடங்களை எண்ணுவதில் போகும்.

ஒன்று சொல்கிறேன். பக்கவாதம் வந்து இடது கை விளங்காத ஒரு தாத்தா, தனியாக இருக்கிறார். மதியம் கேரர் (வீட்டுக்கு வந்து உதவும் பராமரிப்பாளர்) வந்து போக 30 நிமிடம் வேண்டும் என்று எழுதினேன். செலவுக்கு அனுமதி தரும் குழுவை இங்கே பேனல் என்பார்கள். அவர்கள் கேட்டது: "ரெடிமேட் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைக்க 5 நிமிடம் போதுமே, 15 கொடுத்தால் ஆகாதா?" சாப்பாடு சூடாக 5 நிமிடம்தான். அவர் அதை விழுங்கி முடிக்க 20 நிமிடம். "பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும்" என்று எழுதினால் அங்கே எடுபடாது. "சாப்பிடும்போது புரையேறும் ஆபத்து இருக்கிறது, தனியாக விடக்கூடாது என்று சிகிச்சையாளர் அறிக்கை சொல்கிறது" என்று மாற்றி எழுதினேன். 30 கிடைத்தது. மனிதர் அதே மனிதர், தேவையும் அதே தேவைதான். இந்த எழுத்து வித்தையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980களில், பிரதமர் தாட்சர் ஆட்சியில், சமூகப் பராமரிப்பை எப்படி நடத்துவது என்று யோசனை சொல்ல ஒருவரை அழைத்தார்கள். ராய் கிரிஃபித்ஸ், செயின்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட்டின் நிர்வாக இயக்குநர்! 1988இல் அவர் அறிக்கை வந்தது, 1990இல் சட்டம் ஆனது, 1993இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை கவுன்சிலே முதியோர் இல்லம் நடத்தும், வீடுகளுக்கும் பெரும்பாலும் கவுன்சிலே ஆள் அனுப்பும். அதற்குப் பிறகு கவுன்சில் வாங்குபவர், தனியார் விற்பவர். மத்திய அரசு இதற்கென்று தந்த சிறப்பு மானியத்தில் 85 சதவீதத்தைக் கவுன்சிலுக்கு வெளியேதான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். சமூகப்பணியாளரின் பதவிப் பெயர்கூடப் பல இடங்களில் 'கேர் மேனேஜர்' ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர் போய், தேவையை மதிப்பிட்டு 'பேக்கேஜ்' (பராமரிப்புச் சேவைகளின் தொகுப்பு) வாங்கித் தருபவர் வந்தார்.

சந்தை என்றால் கடையும் மூடும் இல்லையா? சதர்ன் கிராஸ் என்று ஒரு நிறுவனம். சுமார் 750 இல்லங்கள், 31,000 முதியவர்கள். முதலீட்டாளர்கள் கைமாற்றியதில் கட்டடங்களை விற்றுவிட்டு, அதே கட்டடங்களில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகை ஏறிக்கொண்டே போனது. 2011இல் கவிழ்ந்தது. வேறு நிறுவனங்கள் அந்த இல்லங்களை எடுத்துக்கொள்ளும்வரை, நாளைக்கு எங்கே படுக்கை என்று தெரியாமல் இருந்தவர்கள் 90 வயதுக்காரர்கள்.

அப்புறம் சிக்கன நடவடிக்கை. 2010க்கும் 2018க்கும் இடையில், கவுன்சில்களுக்கு மத்திய அரசு தந்த நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2023இல் பெரிய நகரமான பர்மிங்காமின் கவுன்சிலே காசில்லை என்று கையை விரித்தது. பேனலில் உட்கார்ந்திருப்பவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் எக்செல் தாளோடு நிற்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் மாட்டேன். பராமரிப்புக்கான பணத்தை நேரடியாக எங்கள் கையில் கொடுங்கள், எங்களுக்கு வேண்டிய ஆளை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று போராடியவர்கள் மாற்றுத்திறனாளிகள். அதற்கு 1996இல் சட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் 'உன் விருப்பம்' என்ற அந்தச் சொல்லைச் சந்தை பிடித்துக்கொண்டது. 82 வயதுப் பாட்டியிடம் போய், நீங்களே முதலாளியாக இருந்து கேரருக்குச் சம்பளப் பட்டியல் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்!

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று நீங்களே கேட்பீர்கள். சரிதான். நன்கொடையாளருக்கு லாக்ஃப்ரேம் (திட்டத்தின் இலக்குகளையும் அளவுகோல்களையும் காட்டும் அட்டவணை) நிரப்பி, மூன்று வருடத்தில் ப்ராஜெக்ட் முடிந்ததும் கிராமத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாமும். அதனால் இந்தப் பழக்கம் உங்களுக்கு முற்றிலும் புதிதல்ல.

வருவதற்கு முன் 2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட்டை (பராமரிப்புச் சட்டத்தை) படித்துவிடுங்கள். உங்களுக்கு அதுதான் ஆயுதம். ஒருவருடைய தேவை சட்டப்படி உதவிக்குத் தகுதியானது என்று தீர்மானமாகிவிட்டால், காசு இல்லை என்று கவுன்சில் கைகழுவ முடியாது. எப்படி நிறைவேற்றுவது என்பதில் செலவைப் பார்க்கலாம், நிறைவேற்றுவதா வேண்டாமா என்பதில் பார்க்கக் கூடாது. பேனலில் இதை அமைதியாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள்.

சமூகப்பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான சோஷியல் ஒர்க் இங்கிலாண்டில் பதிவு இல்லாமல் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாது. அதை முதலில் முடியுங்கள். விசாவில் 'பொது நிதி உதவி கிடையாது' என்று இருக்கும். அடுத்தவருக்கு என்ன உதவி கிடைக்கும் என்று நாளெல்லாம் பார்க்கப்போகிறவர் நீங்கள், அந்த உதவித்தொகையில் பெரும்பாலானவை உங்களுக்குக் கிடையாது. வேலை போனால் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு ஸ்பான்சர் நிறுவனம் தேட வழக்கமாக 60 நாள்தான். ஆகவே வந்த வாரமே யூனியனில் சேருங்கள். சேமிப்பில் மூன்று மாத வாடகையைத் தொடாமல் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என் பெயரில் எத்தனை கேஸ் (நான் கவனிக்க வேண்டிய ஆட்கள்) இருக்கும், குழுவில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஏஜென்சி வழியாக வந்த தற்காலிக ஆட்கள். பதில் எண்ணாக வருகிறதா, 'அது சூழ்நிலையைப் பொறுத்தது' என்று வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மேலே பேசலாம்.