சாவி யாரிடம் இருக்கிறது?

அன்பு அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். நான்கு வருடமாக எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறேன். முப்பது பேரோடு தொடங்கியது, இப்போது ஒன்பது பேர். படிப்பு, வேலை என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். பாட்டு, வேதபாடம், விளையாட்டு, ஆட்களை அழைப்பது எல்லாம் நான்தான் செய்கிறேன். மூப்பர்கள் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள். சோர்ந்துவிட்டேன். நிறுத்திவிடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்பது பேர் என்பதை விடுங்கள். 'எல்லாம் நான்தான் செய்கிறேன்' என்ற வரிதான் என்னை உறுத்தியது. அதே வரியை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அப்புறம் மஞ்சள்காமாலை வந்து ஒரு மாதம் படுத்தேன். நாலு சனிக்கிழமையும் கூட்டம் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கூட்டம் நடக்கும் அறையின் சாவி என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. வந்து வாங்கிப் போகலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி நான் அவர்களைப் பழக்கவும் இல்லை.

காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னது இதைத்தான்: நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு நம்மேல் இரக்கப்படுகிறோம். ஜனங்களும் தொய்கிறார்கள் என்பது காதில் விழுவதில்லை.

1881-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகருக்கும் உங்கள் கவலைதான். புதிதாக விசுவாசத்துக்கு வந்த வாலிபர்களை எப்படி நிலைநிறுத்துவது? அவர் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தில் ஒரு உறுதிமொழி வைத்தார். வாராவாரம் ஒவ்வொருவரும், பாடுவது போக, கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கு எடுக்கவேண்டும். குழுக்களையும் வாலிபர்களே நடத்தினார்கள். அந்தச் சங்கம் பல நாடுகளுக்குப் பரவியது. நாமோ நல்ல பேச்சாளரைத் தேடி அலைகிறோம். அப்போஸ்தலர் பவுலே பிரசங்கித்தபோதும் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி ஜன்னலிலிருந்து விழுந்தான் என்பதை மறந்துவிடுகிறோம்!

ஒன்பது பேருக்கும் வேலை கொடுங்கள். கூச்சப்படுகிறவனுக்கு வராதவர்களை விசாரிக்கும் வேலை. சொதப்புகிறவனுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு. ஊழியப் பயணத்தில் பம்பிலியா என்ற இடத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார். உடன் ஊழியரான பர்னபாதான் அவரைச் சீப்புரு தீவுக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் அதே பவுல், மாற்கு ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன், அழைத்துவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். இடையில் பல வருடங்கள். உங்களுக்கும் அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கலாம்.

கிளம்பிப் போகிறவர்களை இழப்புக் கணக்கில் எழுதாதீர்கள். வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் நாலைந்து வருடம்தான் இருப்பார். அந்த வயது அப்படி. போகிற ஊரில் ஒரு சபையைத் தேடிச் சேர்ந்தாரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மூப்பர்களுக்கும் அந்தக் கணக்கையே காட்டுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரோடும் மூடிய அறையில் தனியாகப் பேசாதீர்கள். எப்போதும் இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். நல்ல மனதோடு செய்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

நிறுத்தவேண்டாம். இரண்டு மாதம் நீங்கள் மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். போதகரிடம் சொல்லிவிட்டு, ஒன்பது பேரில் இருவரிடம் சாவியைக் கொடுங்கள். அவர்களோடு கூட இருக்க ஒரு பெரியவரை நியமிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் சுருதி இறங்கும், வேதபாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று ராத்திரியே உங்களுக்குச் சேதி வரும். உடனே கிளம்பிப் போகாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள், எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.