சோப்பு நுரையால் தண்ணீரில் கரைந்த செம்பைப் பிடித்தெடுக்க முடியுமா?

முடியும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிப்பது வாலால். உலோகத்தைப் பிடிப்பது தலையால். ஷாம்பூவில் வரும் சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலை எதிர்மின்சுமை, செம்பு அயனி நேர்மின்சுமை, ஒட்டிக்கொள்ளும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது. கீழிருந்து காற்றை ஊதினால் குமிழியின் மேல் தொற்றிக்கொண்டு செம்பையும் இழுத்து வரும். நுரையை வழித்தெடுக்க வேண்டியதுதான். 1959-இல் ஃபெலிக்ஸ் செப்பா முன்வைத்த அயனி மிதப்பு முறை இது.

இன்னொரு வழியும் உண்டு. தண்ணீரில் இந்த சல்ஃபேட்டின் அளவு லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் அளவு உருண்டைகளாகத் திரளும். செம்பு ஒட்டிய உருண்டை மிக நுண்ணிய வடிகட்டியில் நின்றுவிடும், தண்ணீர் போய்விடும். அப்புறம் அமிலம் விட்டால் செம்பு கழன்றுவிடும்.

சரி, சிக்கல் எங்கே? உப்புத் தண்ணீரில். அதிலுள்ள கால்சியமும் அதே தலைக்குத்தான் போட்டிபோடும்.