கிழிந்த படத்தில் இல்லாத முகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிக்ஸாரின் 'கோகோ' படத்தில், தன் எள்ளுத்தாத்தா என்று நம்பி மிகேல் தேடிச் செல்லும் பாடகர் எர்னெஸ்டோ கொலைகாரர் என்று தெரியவருவது, கடைசி நேரத்தில் வலிந்து சேர்த்த திருப்பமாகப்படுகிறது. இதற்கு முன்கூட்டியே தடயம் உண்டா?

பதில்: உண்டு. 2017இல் வெளிவந்த இப்படத்தை இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு அவை அடுத்தடுத்துத் தட்டுப்படும். இறந்தோர் உலகில் மிகேல் சந்திக்கும் ஹெக்டர்தான் எர்னெஸ்டோ கொன்ற இசை நண்பர்; மிகேலின் உண்மையான எள்ளுத்தாத்தாவும் அவரே. அங்கே அவருடைய கூட்டாளிகள், அவர் தொண்டையில் இறைச்சி சிக்கிச் செத்தவர் என்று கேலி செய்ய, அவரோ கெட்டுப்போன உணவுதான் காரணம் என்று கோபத்தோடு திருத்துகிறார். நாமும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் நஞ்சு என்ற உண்மை அந்தக் கேலிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பிற்பாடு, எர்னெஸ்டோ நடித்த பழைய படமொன்றில் வில்லன் நட்பின் பெயரால் நஞ்சு கலந்த மதுவை நீட்டும்போது பேசும் சொற்களையே, தாம் இறந்த இரவில் எர்னெஸ்டோவும் தம்மிடம் சொன்னதாக ஹெக்டர் நினைவுகூர்கிறார். தான் செய்த குற்றத்தையே திரைக்காட்சியாக்கிப் புகழ் தேடிய மனிதர் அவர் என்பது அப்போது விளங்குகிறது.

ஆனால், இந்தக் கொலையைவிட ஆழமான திருப்பம் மிகேலின் வீட்டுப் படையல் மேடையில் இருக்கிறது என்பது என் எண்ணம். புகைப்படம் மேடையில் வைக்கப்படாதவர்கள் உறவினரைக் காண எல்லை தாண்ட முடியாது என்பது அந்த உலகின் சட்டம். ஹெக்டரின் புகைப்படம் அத்தனை ஆண்டுகளும் அந்த மேடையில்தான் இருந்தது; முகம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை என்ற கோபத்தில் அவர் மனைவி இமெல்டாவின் குடும்பம் அவர் பெயரையும் இசையையும் விலக்கிவைத்தது. எர்னெஸ்டோ அவரை ஒருமுறை கொன்றார். நினைவிலிருந்து அவர் அழியவிருந்த இரண்டாவது சாவுக்கு, உண்மை அறியாத அவருடைய சொந்த வீடே காரணமாக இருந்திருக்கும். இமெல்டாவின் வலி நியாயமானது என்று காட்டிக்கொண்டே அதன் விளைவையும் மறைக்காததுதான் இப்படத்தின் பெருமை.

கேள்வி: நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அதிகம் எதுவும் செய்யாத கொள்ளுப்பாட்டியின் பெயர் படத்துக்கு ஏன்?

பதில்: ஹெக்டரை உயிருள்ளோர் உலகோடு கட்டிவைத்திருந்த ஒரே இழை, அவர் மகளான அந்த மூதாட்டி கோகோவின் நினைவு. கிழிந்துபோன முகத்துண்டும், தந்தை எழுதிய கடிதங்களும் அவருடைய இழுப்பறையிலேயே பத்திரமாக இருந்தன. எர்னெஸ்டோ தமதாக்கிக்கொண்ட பாடல்கள் உண்மையில் யாருடையவை என்பதற்கான சான்றும் அவைதான். எர்னெஸ்டோ மேடைதோறும் ஆர்ப்பாட்டமாகப் பாடிய பாட்டு, ஒரு தகப்பன் பயணம் புறப்படுமுன் தன் சிறுமிக்காக எழுதிய தாலாட்டு என்பதை அறிந்தபின், முதல் காட்சிகளில் கேட்ட அதே மெட்டு வேறொன்றாக ஒலிக்கிறது.

கேள்வி: டான்டே என்ற நாய்க்கு ஏதேனும் உட்பொருள் உண்டா?

பதில்: அது மெக்ஸிகோவின் தொன்மையான, முடியற்ற ஷோலோ இனத்து நாய். இறந்தோரின் ஆன்மாவுக்கு அது வழிகாட்டும் என்பது பழங்கால நம்பிக்கை. மிகேலை அது மீண்டும் மீண்டும் ஹெக்டரிடமே இழுத்துச் செல்வதைக் கவனியுங்கள். அதுவும் ஒரு தடயமே. ஆனால், அது பிற்பாடு எடுக்கும் வண்ணச் சிறகு வடிவம் பழைய நம்பிக்கையைச் சேர்ந்ததன்று. அத்தகைய உருவங்கள், மெக்ஸிகோ நகரக் கைவினைஞர் பெட்ரோ லினாரெஸ் 1930களில் காகிதக்கூழால் செய்யத் தொடங்கிய கலைப்பொருள்கள். அவற்றை ஆன்மாவின் வழித்துணையாக இணைத்தது படக்குழுவின் கற்பனை.