ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுவதற்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய வெதுப்பகம் ஒன்றை நடத்துகிறேன். அதிகாலை 4 மணிக்கு வேலைக்கு வருபவர்களின் கைவிரல் அடையாளப் பதிவு, மென்பொருளில் முதல் நாள் திகதியில் விழுகிறது. மாத முடிவில் ஆளுக்குச் சில நிமிடங்கள் குறைந்தும் வருகின்றன. இயந்திரத்தைப் பொருத்தித் தந்த முகவர், எல்லாப் பதிவுகளோடும் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் சரியாகும் என்கிறார்; அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கிறார். பைதன் என்ற நிரல்மொழி படித்த என் மகள் தானே திருத்தலாம் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள்.

கணினி நேரத்தை மணிக்கூட்டு முகமாக வைத்திருப்பதில்லை. 1970 ஜனவரி 1 அன்று, உலகப் பொது நேரப்படி (கொழும்பு நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது) நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன்கள் கழிந்தன என்ற ஒற்றை எண்ணாகவே பெரும்பாலும் வைத்திருக்கிறது. 1,700,000,000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: லண்டனில் அது 2023 நவம்பர் 14 இரவு 10.13, கொழும்பில் 15ஆம் திகதி அதிகாலை 3.43. உங்கள் மென்பொருள், எண்ணைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றுமுன்பே திகதியை வெட்டி எடுத்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். அதைச் சோதிக்க, ஒருநாள் காலை 5.29க்கும் 5.31க்கும் நீங்களே விரலை வைத்துப் பாருங்கள். முதலாவது நேற்றாகவும் இரண்டாவது இன்றாகவும் விழுந்தால், இயந்திரத்தில் குற்றமில்லை.

இந்தப் பிழைக்கு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்பவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். அவர்கள் காட்சியை அல்ல, சேமித்த பதிவையே மாற்றிவிட்டுப் போகிறார்கள். பின்னர் வேறொருவர் வந்து பதிவுகளை வைத்திருக்கும் சேவைக் கணினியைக் கொழும்பு நேரத்துக்கு அமைக்கும்போது, 4 மணிக்கு வந்தவர் 9.30க்கு வந்தவராகிவிடுகிறார். எந்த வரி திருத்தப்பட்டது, எது திருத்தப்படாதது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது, அந்த முகவரின் தொலைபேசியும் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆகவே வேறெதையும் செய்வதற்கு முன், தொடப்படாத மூலப் பதிவுகளின் பிரதியையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். இரண்டும் உங்களுடையவை, தர மறுப்பவரோடு பேரம் பேசத் தேவையில்லை.

ஐந்தரை என்ற கணக்கு எக்காலத்துக்கும் பொருந்துவதும் இல்லை. மின்வெட்டுக் காலத்தில், 1996 மே 25 அன்று, இலங்கை நேரம் ஆறரை மணித்தியால வித்தியாசத்துக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அது ஆறாகக் குறைந்தது. 2006 ஏப்ரல் 15 அன்று, அதாவது புத்தாண்டுக்கு மறுநாள், மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பழைய நேரமா, புதிய நேரமா என்று ஒருவரையொருவர் கேட்டுத் திரிந்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவர்கள்தான் இன்று உங்கள் அடுப்படியில் நிற்கிறார்கள் என்பதால், இது பழங்கதை அல்ல. 1998 ஜனவரி 10 அன்று பிறந்த ஓர் ஆண் ஊழியரின் பிறந்த திகதியை மென்பொருள் கொழும்பு நள்ளிரவாகச் சேமித்திருந்தால், உலகப் பொது நேரத்தில் அது 9ஆம் திகதி மாலை 6 மணி. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் 9ஆம் திகதி இரவு 11.30தான் வரும், ஆள் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடுவார். அவருடைய 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் ஆண்டுக்கு அடுத்து, பிறந்தது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்று காட்டும் மூன்று இலக்கங்கள் 010 என்று இருக்க, உங்கள் படிவம் 9 என்று சொல்லும். படிவம் திரும்பி வரும். ஏன் வந்தது என்று யாரும் எழுதி அனுப்பமாட்டார்கள். பிறந்த திகதியை நேரமாகச் சேமிக்கவே கூடாது, வெறும் திகதியாக வைக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

நிமிடங்கள் குறைவது வேறு கதை. 8 மணித்தியாலம் 20 நிமிடத்தைத் தசமத்தில் 8.33 என்று வெட்டினால் நாளுக்கு 12 செக்கன் போகிறது. 25 நாளில் அது 5 நிமிடம். அதையே 8.20 என்று எழுதுவோரும் உண்டு. அது உண்மையில் 8 மணித்தியாலம் 12 நிமிடம் என்பதால், மாதத்துக்கு 3 மணித்தியாலம் 20 நிமிடத்தை ஊழியர் இழக்கிறார். மணித்தியாலத்தை இரண்டு தசமத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டம் போட்டுத் தரும் படிவங்களை யார் வடிவமைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம். மாதம் முழுவதையும் செக்கன்களில், முழு எண்ணாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒருமுறை மணித்தியாலமாக மாற்ற வேண்டும். தசம எண்களைக் கணினி துல்லியமாக வைத்திருப்பதில்லை: 0.29ஐ 100ஆல் பெருக்கச் சொன்னால் பைதன் 28.999999999999996 என்று விடை தரும், தசமத்தை வெட்டினால் மிஞ்சுவது 28.

மகளுக்கு ஒரு குறிப்பு. பதிவிலுள்ள எண்ணின் இலக்கங்களை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்: 10 என்றால் செக்கன், 13 என்றால் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு, 19 என்றால் நனோசெக்கன், அதாவது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. திரையில் 1970 ஜனவரி தெரிந்தால், செக்கனை ஆயிரத்தில் ஒரு பங்காக வாசித்திருக்கிறாள் என்று பொருள். ஐந்தரையைக் கையால் கூட்டாமல், பைதனின் 3.9ஆம் பதிப்பிலிருந்து கூடவே வரும் ‘ஸோன்இன்ஃபோ’ (zoneinfo) என்ற நேர வலய நூலகத்தில் ‘ஏசியா/கொழும்பு’ (Asia/Colombo) என்ற பெயரைக் கொடுக்க வேண்டும். 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. உங்கள் கடைக் கணினி விண்டோஸ் என்றால் ‘டிஸெட்டேட்டா’ (tzdata) என்ற பொதியையும் தனியாக நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் அப்படியொரு ஊர்ப் பெயரே தெரியாது என்று நிரல் நின்றுவிடும்.