லேமினேட் சோப்ரானோ யுகுலேலே இருக்க, பழைய மார்ட்டின் வாங்கலாமா?

லேமினேட் (ஒட்டுப்பலகை) யுகுலேலே, அதாவது நான்கு தந்தி கொண்ட குட்டி கித்தார் போன்ற வாத்தியம், அதிலும் சோப்ரானோ என்ற சிறிய அளவு, கையில் இருக்கிறது, மார்ட்டின் நிறுவனத்தின் 1920களின் ஸ்டைல் 0 மாடல் ஒன்று விலைக்கு வருகிறது, பின்பலகையில் விரிசல் என்று எழுதியிருந்தீர்கள். விரிசலைச் சரியாக ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், அந்த வயது மகோகனியில் அது சகஜம். நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையை. அதன் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அப்புறம் கழுத்து. வளைந்திருந்தால் நிமிர்த்தும் செலவு தனி, உள்ளே இழுத்துப் பிடிக்கக் கம்பி எதுவும் கிடையாது.

ஓசையில் வித்தியாசம் நிஜம்தான். மெல்லிய ஒற்றைப் பலகை, விரல் லேசாகப் பட்டாலே பேசும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய லேமினேட் விறைப்பானது, ஓசை கொஞ்சம் அமுங்கும். ஆனால் பழையதில் முறுக்காணிக்குப் பற்சக்கரம் இல்லை, மயிரிழை திருப்பினாலே சுருதி எகிறும். பழக வேண்டும்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் புது விரிசல் வரலாம்; பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். லேமினேட்டையும் விற்காதீர்கள், பயணத்துக்கு அதுதான் சரி. ஒன்று மட்டும்: மார்ட்டினில் நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் தந்திதான், ஸ்டீல் கூடவே கூடாது.