எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் இடது தோள் வலிக்கிறது

கேள்வி: நாங்கள் ஆயக்குடிக்காரர்கள். அப்பாவுக்கு 61 வயது. போன வியாழன் இருட்டும் நேரம், கொய்யாக் கூடைகளை இறக்கிவிட்டு வெறும் மாட்டு வண்டியோடு வரதமாநதி அணைப் பக்கம் வந்தார். கொடைக்கானலில் இருந்து இறங்கிய வேன் பின்னால் மோதியது. அப்பா முன்னால் போய் விழுந்தார். ஒரு மாட்டுக்குக் கொம்பு முறிந்தது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு முறிவு இல்லை’ என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்று நான்காம் நாள். மூச்சு இழுத்தால் இடது விலாவிலும், படுத்தால் இடது தோளிலும் வலி. எழுந்தால் கிறுகிறுப்பு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சுளுக்கு எடுப்பவரை வரச் சொல்லியிருக்கிறோம். ஒத்தடம் போதுமா?

பதில்: சுளுக்கு எடுப்பவரை வர வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். மீதியை ஆம்புலன்ஸ் வரும்வரை படிக்கலாம்.

அப்பாவின் இடது தோளை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது வலி இல்லை, படுத்தால் மட்டும் வலிக்கிறது என்றால் கோளாறு தோளில் இல்லாமல் வயிற்றில் இருக்கலாம். இடது பக்கம் 9 முதல் 11 வரையுள்ள விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து கசியும் ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை உறுத்தினால், அந்த வலி தோளில்தான் தெரியும். அழுத்தும்போது வலித்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கிறுகிறுப்பு ஒன்றே போதுமான காரணம்.

நானும் வண்டி மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவன். பின்னால் இடி விழுந்தால் வண்டி மாடுகளைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது. மாடு முழங்கால் போடுகிறது. முன்னால் உட்கார்ந்தவர், மாடுகளுக்கு நடுவே நீளும் ஏர்க்கால் மரத்தின் மேல் விழுந்து, இரண்டு மாட்டுக்கும் நடுவே போகிறார். விழுந்த அடி, மரத்தில் இடித்த அடி, குளம்பு மிதித்த அடி என்று மூன்றும் ஒரே நொடியில். வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும்.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. மயிரிழை விலா முறிவு பல நேரம் அதில் விழாது; மண்ணீரல் கிழிசல் தெரியவே தெரியாது. மண்ணீரலைச் சுற்றி உறைந்து நிற்கும் ரத்தம் சில நாள் கழித்து, சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும், உடைத்துக்கொண்டு வரும். எண்ணெய் தேய்த்து நீவினால் அந்த உறைவைத்தான் நாமே கலைப்போம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

பழநி அரசு மருத்துவமனையில் ‘வண்டியிலிருந்து விழுந்தார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வேன் மோதியது, இடது தோள் வலி, கிறுகிறுப்பு, ஸ்டென்ட் மாத்திரை, நான்கையும் சொல்லி, மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். வயிற்று ஸ்கேன் கேளுங்கள். தலைக்கும் தேவையா என்று கேளுங்கள், இந்த வயதில் மண்டைக்குள் மெதுவாகக் கசிவதும் உண்டு. திண்டுக்கல்லுக்கு அனுப்பினால் தயங்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் சோறு, காபி எதுவும் வேண்டாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போவது கூடவே கூடாது.

சாணம் பட்ட சிராய்ப்பு இருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று பாருங்கள். அந்தக் கிருமி மாட்டுச் சாணத்திலும் மண்ணிலும் இருக்கிறது.

வழக்கு விஷயம் பிறகு. மாட்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வேனின் மூன்றாம் நபர் காப்பீட்டில்தான் உங்கள் கோரிக்கை. புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல், மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல் இரண்டையும் வாங்குங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

வேன்காரர் ‘வண்டி கண்ணுக்கே தெரியவில்லை’ என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். மலை முழுக்க வளைவில் மெதுவாக வந்தவர், சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறார். தாழ்ந்த விளக்கில் 40 மீட்டர் தெரிந்தாலும் கையில் இருப்பது இரண்டரை நொடி. அடுத்த முறை வண்டி பூட்டும் முன் பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள்.

மாட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள். முறிந்த கொம்பில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். துணி சுற்றி வையுங்கள். கால்நடை மருத்துவர் எழுதும் சான்றும் இழப்பீட்டு மனுவுக்கு உதவும்.