அண்ணனுக்கு ஆபரேஷனில் தசை விறைத்துக் காய்ச்சல் ஏறியது, தசைக்குள் கால்சியம் கொட்டியதாகச் சொன்னார்கள். எனக்கும் ஆபரேஷன் வருகிறது, இதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள், இது 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' போலத் தெரிகிறது. சர்ஜனிடம் சொன்னால் போதாது, மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கால் எலும்பு முறிந்து ஒரு இளைஞர் வந்தார். முன்பு ஒருமுறை மயக்கம் கொடுத்தபோது எதுவும் ஆகவில்லை. இந்த முறை செவோஃபுளூரேன் என்ற மயக்க வாயு ஓடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு ஏறியது. மூச்சைக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவைத் தொட்டேன், கை சுட்டது. தாடை இறுகிவிட்டது. காய்ச்சல் அப்புறம்தான் வந்தது.

மயக்க டாக்டர் உடனே மயக்க வாயுவை நிறுத்தி, இதை முறிக்கும் மருந்தான டாண்ட்ரோலீன் கேட்டார். ஒரு பாட்டிலில் 20 மில்லிகிராம்தான். ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் குலுக்கினால்தான் கரையும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கணக்கில் 70 கிலோ ஆளுக்கு 9 பாட்டில். தோள் கடுக்கக் குலுக்கினேன். அவர் பிழைத்தார்.

தசை செல்லுக்குள் கால்சியத்தை அடைத்து வைத்திருக்கும் பைக்கு ரயனோடின் ரிசப்டர் என்று ஒரு கதவு உண்டு. சிலருக்கு அந்தக் கதவு பிறவியிலேயே பழுது. இந்த மாதிரி மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியோ பட்டால் திறந்தது மூடாது. கொட்டிய கால்சியத்தைத் திரும்ப இழுக்கத் தசை ஓயாமல் எரிசக்தியைச் செலவழிக்கும். சூடும் கார்பன் டை ஆக்சைடும் அதில்தான் கிளம்புகின்றன.

'டாக்டருக்கு வக்காலத்து வாங்குகிறான், அது ஓவர்டோஸ்தான்' என்று சிலர் வருவார்கள். இல்லை. 1960-இல் டென்பரோ, லவல் என்ற டாக்டர்கள் இதை முதலில் எழுதியபோதே, அந்த நோயாளியின் சொந்தக்காரர்கள் 10 பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு இன்னும் ஆறாதது, அந்த இளைஞரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மயக்க மருந்து அலர்ஜி' என்று எழுதியிருந்ததுதான். இது அலர்ஜியே இல்லை. அவர் தங்கை நாளைக்கு ஆபரேஷனுக்குப் போனால் அந்தக் காகிதத்தை வைத்து யாருக்கு என்ன புரியும்? உயிரைப் பிடித்து வைத்த மயக்க டாக்டரின் பெயரைக்கூட வீட்டார் கேட்கவில்லை, நன்றி எல்லாம் சர்ஜனுக்கே போனது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனின் சம்மரியையும், கிடைத்தால் மயக்க மருந்துக் குறிப்பையும் கொண்டுபோங்கள். 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்று பெயரைச் சொல்லியே பேசுங்கள். டாண்ட்ரோலீன் கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பயப்பட வேண்டாம், நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரோபோஃபால் கொடுத்தோ முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டோ செய்துவிடலாம், அவை இந்தக் கதவைத் திறப்பதில்லை.